ஒரு கைப்பிடி கோதுமை மா

ஜெர்மனியில் ப்ரேமன் நகரில் எங்கள் தெருமுனையில் பாண் சுட்டு விற்கும் பேக்கரி ஒன்று இருக்கிறது. ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதே கால், அங்கே போய்க் கோதுமை கலக்காத பாண் உண்டா என்று கேட்டேன். கடைக்காரப் பெண்மணி முகம் மலர்ந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "இது கோதுமை இல்லை, டிங்கல்." டிங்கல் என்பது கோதுமையின் ஒன்றுவிட்ட சகோதரி, என் குடலுக்கு இரண்டும் ஒரே விஷம். அதை என் ஜெர்மனில் விளக்கினேன். அவர் குரலைத் தாழ்த்தி, "உங்கள் மதத்தில் டிங்கலுக்கும் தடையா?" என்றார்.

சுப்பர் மார்க்கெட்டில் என்னைப் போன்றவர்களுக்கென்று ஒரு அலமாரித் தட்டு ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே விற்கும் பாணைப் பிய்த்தால் ஈர அட்டைப்பெட்டியைப் பிய்த்ததுபோல் இருக்கும். வாயில் போட்டால் மணல், விழுங்கினால் பசை. எந்த நாளில் எதைத் தின்றேன், எத்தனை மணிக்கு வயிறு புரட்டியது என்று நோட்டில் எழுதி வருகிறேன். மறுபடி வாசித்தால் ஏதோ சாக்கடையின் வரலாறு போலிருக்கிறது.

கோதுமை ஒவ்வாத இந்தக் குடல் நோயைக் கண்டுபிடித்த டொக்டர் இன்னொன்றும் சொன்னார்: இது குடும்பத்தில் வரும், கூடப்பிறந்தவர்களையும் பரிசோதியுங்கள். எனக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான். தங்கை செல்வி, இலங்கையில் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். வருடக்கணக்காக வயிற்றுப்போக்கு, உடம்பில் இரத்தமில்லை. இரண்டு தடவை மலையில் மயங்கி விழுந்திருக்கிறாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

நாங்கள் மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி தின்று வளர்ந்தவர்கள். காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகுமுன் ஒன்று, பத்து மணிக்கு மலையில் ஒன்று, இரவில் மிச்சம். தோட்டத்து ஸ்டோரில் மாவை அளந்து போடுவார்கள். மழைக்காலத்தில் வண்டு ஊரும், அரித்துவிட்டுப் பிசைவோம். எங்கள் மலையில் ஒரு கோதுமைக் கதிர்கூட விளைந்ததில்லை. தோட்டங்களின் சரித்திரம் பேசும் புத்தகங்களைத் தேடித்தேடி வாசித்திருக்கிறேன். கோதுமை ரொட்டி சட்டென வேகும், கையில் கொண்டுபோகலாம், கொழுந்தெடுப்பு நிற்காது. அதற்காகவே தோட்ட நிர்வாகம் எங்களுக்குப் பழக்கிய தீனி அது.

டொக்டர் சொன்ன அன்றே தொலைபேசியில் செல்விக்குக் கட்டளை போட்டேன்: இனி கோதுமை ரொட்டி கூடாது. நான்கு மாதம் கழித்து லீவில் ஊர் போனேன். அவள் இன்னும் மெலிந்திருந்தாள். வரிசை வீடான எங்கள் லயத்து அடுப்படியில் எனக்காகக் குரக்கன் ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். கேழ்வரகைத்தான் நாங்கள் குரக்கன் என்போம். ஊரை விட்டுப் பதினொரு வருடத்துக்குப் பிறகு வாய்க்கு ருசியாக ஒன்று கிடைத்தது, மூன்று ரொட்டி தின்றேன். அன்று மாலையிலிருந்து லயத்துக்குப் பின்னாலுள்ள, கதவு சாத்த முடியாத கக்கூசில் குடியிருந்தேன். அதன் வர்ணனையை விட்டுவிடுகிறேன்.

"என்னத்தப் போட்ட அதுல?" என்றேன், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"குரக்கன்தாண்ணே. உப்பு, தேங்காப்பூ. ஒட்டணுமுன்னு ஒரு கைப்பிடி மாவு."

"என்ன மாவு?"

"மாவுன்னா மாவு. கோதும மாவு."

"கோதுமை கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"நீங்க கோதும ரொட்டிதானே கூடாதுன்னீங்க? இது குரக்கன் ரொட்டி."

பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா எட்டிப் பார்த்தார். "சும்மா குரக்கன் தட்டுனா விண்டு போகும் தம்பி. எல்லா வீட்லயும் ஒரு பிடி போடுறதுதான். தோசைக்கும் போடுறோம், புட்டுக்கும் போடுறோம். செர்மனி வயிறு, தாங்கல போல."

ஆக நான்கு மாதமாக அவள் மூன்று வேளையும் அந்தக் கைப்பிடியைத் தின்றிருக்கிறாள். கோபம் அவள்மேல் வரவில்லை. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுகிற நான், ஊர்க் குரக்கன் ரொட்டி எப்படிச் செய்யப்படுகிறது என்பதை மறந்திருந்தேன். அருவருப்பு என்மேல்தான்.

மறுவாரம் கண்டியில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இந்த அரைகுறைப் பத்தியத்தால் குணமும் ஆகாது, இரத்தப் பரிசோதனையிலும் சரியாகத் தெரியாமல் போகலாம். ஆறு வாரம் பழையபடி தினமும் கோதுமை சாப்பிட வேண்டும், பிறகு இரத்தம் எடுக்கலாம் என்றார்.

"அப்ப ரொட்டி திங்கலாமாங்க?" செல்வியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "உறைப்பா, கட்டச் சம்பலோட?"

"திங்கணும்," என்றார் டொக்டர். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் லீவு அதற்குள் முடிந்துவிட்டது. இப்போது நான்காவது வாரம். ப்ரேமனில் காலை ஆறரை, அங்கே பத்து. தினமும் வீடியோவில் கூப்பிடுகிறேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்றைவிடக் கன்னம் ஒட்டியிருக்கிறது. "பாருங்கண்ணே, இன்னிக்கும் ரெண்டு," என்று ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்துத் திரைக்கு நேரே காட்டுகிறாள். பின்னால் பெண்கள் சிரிக்கிறார்கள். போனை அணைக்காமல், கடைசித் துண்டு அவள் வாய்க்குள் போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் நாக்கில் அந்த ரொட்டிக்காக உமிழ்நீர் ஊறுகிறது.