மூன்று விசில் ஷிப்டு

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர்: நான், என் வீட்டுக்காரர், பங்காருபேட்டையிலிருந்து வந்திருந்த எங்கள் மகள், வீடு வாங்கலாமா என்று பார்க்க வந்த கணவன் மனைவி, அவர்களைக் கூட்டிவந்த புரோக்கர். ஆறு பேரும் பின்னறைக்குள் நிற்க முடியவில்லை. அவ்வளவு சாமான்.

தகரப் பெட்டி, அதன்மேல் பழைய மெத்தை, ஜார் உடைந்த மிக்ஸி, ஐஸ்கிரீம் டப்பாக்கள், தண்ணீர் வராத நாளுக்கென்று சேர்த்த பிளாஸ்டிக் குடங்கள். வந்த அம்மா எட்டிப் பார்த்து, "இதுக்குப் பின்னாடி செவுரு எப்டி கீது?" என்றார்.

"நல்லாத்தாம்மா கீது" என்றார் வீட்டுக்காரர். நான் டீ போட நழுவினேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தங்கச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் கோரமண்டல் பக்கம் அவ்வப்போது ஏர் பிளாஸ்ட் வரும். அடியில் எங்கேயோ பாறை வெடிக்கும், மேலே அலமாரியில் டம்ளர் ஆடும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அப்படி ஒன்று வந்து அந்தச் சுவரில் கோடு விழுந்தது. அவர் கோட்டின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டு வைத்து ஒட்டினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், உடையாதவரை பயமில்லை என்றார்.

அவருக்கு அது தைரியம், எனக்கு வியாதி. விடிந்ததும் போய்ப் பார்ப்பேன், சமைத்து முடித்ததும் போய்ப் பார்ப்பேன். எட்டாவதோடு நின்றவள் நான். தெரியாததை நினைத்து நினைத்தே பெரிதாக்கிவிடுவேன். கடைசியில், பார்க்காமலாவது இருக்கலாமென்று பெட்டியை இழுத்து அதன் முன்னால் போட்டேன். மற்றதெல்லாம் பெட்டிக்கு அப்புறம் வந்து சேர்ந்தவை.

ஆனால் வீட்டை விற்றே ஆகவேண்டும். தெருவிலிருந்து வாசலுக்கு ஏறும் படிகள் அவர் முழங்காலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. மகள் வீட்டுக்குப் பக்கத்தில் படியில்லாத சின்ன வீடு ஒன்று பேசி வைத்திருந்தோம். இது போனால்தான் அது.

"ஒரே நாள்ல காலி பண்ணச் சொன்னா அம்மாக்கு பிரஷர் ஏறிடும்ப்பா" என்றாள் மகள்.

"அப்ப ஷிப்டு போடு. குக்கர் வச்சதுலருந்து மூணு விசில் வரிக்கும் ஒரு ஷிப்டு. விசில் வந்தா வேலைய வுட்டுடணும்."

வாசலில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து அதற்கு கேஜ் என்று பேர் வைத்தார். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டின் பேர். அதில் ஏறியது திரும்பி வீட்டுக்குள் வரக்கூடாது. முதல் நாளே ஒரு குடத்தைப் போட்டுவிட்டு மெதுவாக எடுத்தேன்.

"இன்னாடி, ஓவர்டைமா?"

"தண்ணி வர்லன்னா?"

"போற எடத்துல போர் கீது. இந்த ஓட்டக் குடத்துல இன்னாத்த புடிப்ப, காத்தயா?"

தினமும் மூன்று விசில். அதற்குமேல் ஒரு சாமானையும் தொட விடமாட்டார். நாளாக நாளாக எனக்கே கை பழகிவிட்டது. பால் கவரைக் கழுவி அடுக்குவதை விட்டேன். நாற்காலியில் துணியைப் போடாமல் உடனே மடித்தேன். பழைய பேப்பர்காரர் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார்.

நடுவில் புரோக்கர் வந்து, கோடு இருந்தால் மேலே பூசி பெயிண்ட் அடித்துவிடலாம் என்றார். "புதுப் பூச்சப் பாத்தா இன்னும் சந்தேகம்தான் வரும். கீறத அப்டியே காட்டுவோம்" என்று அனுப்பிவிட்டார் இவர்.

பெட்டியின் ஷிப்டு வந்த அன்று நான் அரிசியைக் களைந்துகொண்டே நின்றேன்.

"எத்தினி வாட்டி கழுவுவ? கரைஞ்சிடப் போவுது."

குக்கரை வைத்தேன். மகள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் பெட்டியை இழுத்தார்கள். தரையில் தகரம் கிரீச்சிட்டது. நான் அடுப்பைவிட்டு நகரவில்லை.

"வந்து பாரும்மா" என்றாள் மகள்.

ஒட்டடையும் தூசியும். முந்தானையால் துடைத்தேன். கண்ணாடியில் ட்யூப்லைட் ஒரே நீளமாகத் தெரிந்தது, நடுவில் எங்கும் முறியாமல். முதல் விசில் அப்போதுதான் வந்தது. மீதி ஷிப்டுக்கு யாரும் வேலை செய்யவில்லை.

மறுபடியும் அதே ஆறு பேர். இந்தமுறை எல்லோரும் பின்னறைக்குள் நின்றோம், கை வீசவும் இடமிருந்தது. வாங்க வந்தவர் நேராகக் கண்ணாடியிடம் போய் விரலால் தடவினார்.

"எங்கப்பாவும் ஒட்டி வச்சிருந்தாரு. எங்கூட்டுக் கண்ணாடி ஒடஞ்சி போச்சி."

"எப்ப ஒட்டனது?" என்றார் அவர் மனைவி, என்னைப் பார்த்து.

"நான் கல்யாணமாகி வந்தப்ப. அதுலருந்து அசையலம்மா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அப்ப பெயிண்ட்டுக்காச்சும் எதனா கொறைங்க" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். குறைத்தோம். டீயைக் கடைசி வாய்வரை குடித்தார்கள். அட்வான்ஸ் இரண்டு லட்சம் கொடுத்தார்கள்.

இப்போதும் விடிந்ததும் போய்க் கண்ணாடியைப் பார்க்கிறேன், விட்டுப்போகப் போகிறோமே என்று. கவலைக்கு வேறு ஒன்று கிடைத்துவிட்டது: பத்திரம் பதிகிற அன்று அவர்கள் தரவேண்டிய பாக்கி, இருபத்தொரு லட்சம்.