சாயபு கேட்ட உதவி

அந்தக் கல்லூரியில் கணித ஆசிரியனாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. ஊர் பாலாற்றங்கரையில் இருந்தது. ரயிலை விட்டு இறங்கியதுமே தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை முகத்தில் அடிக்கும். ஒரு மாதத்தில் அது பழகிவிட்டது. கல்லூரியை நடத்தியவர்கள் தோல் வியாபாரிகள். அவர்களுடைய கமிட்டிதான் ஆசிரியர்களை நியமிக்கும். கொஞ்ச காலம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்கும், பிடிக்காவிட்டால் போகச் சொல்லிவிடும். குடியாத்தத்தில் என் அப்பா இடுப்பு பிடித்துக்கொண்டு தறியில் உட்கார முடியாமல் இருந்தார். வீட்டில் அடுப்பு எரிவது என் வேலையை நம்பித்தான்.

பாடம் நடத்துவதோடு எங்களுக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. இரண்டு வருஷ இன்டர்மீடியட் மாணவர்களைப் பிரித்து ஒவ்வொரு ஆசிரியரிடமும் சிலரை ஒப்படைப்பார்கள். அவர்களுக்கு அவர் ட்யூட்டர். எந்தப் பாடத்தில் திணறுகிறான், ஏன் வகுப்புக்கு வரவில்லை, அடுத்து எங்கே போய் என்ன படிக்கலாம் என்பதையெல்லாம் கவனித்து வழி சொல்ல வேண்டும். மாணவர்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவன் நான். ஆனாலும் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது, முக்கியமாக ஒரு மாணவனால்.

அவன் ஆம்பூர்க்காரன். விடுதியில் தங்கிப் படித்தான். வீட்டில் உருது, வெளியே தமிழ். அதிகம் பேசமாட்டான். கணக்கில் மற்றவர்கள் நின்றுவிடும் இடத்தில் அவன் நிற்கமாட்டான். நான் கரும்பலகையில் ஒரு வழியைக் காட்டினால் வகுப்பு முடிந்ததும் வந்து, அதைவிடச் சின்ன வழி ஒன்றைத் தயங்கித் தயங்கிச் சொல்வான். சென்னையில் ஆனர்ஸ் படிக்க எனக்கு ஆசை இருந்தது, முடியவில்லை. அதற்காக வாங்கி வைத்திருந்த புத்தகங்களை அவனிடம் கொடுத்தேன். சாயங்காலங்களில் என் அறைக்கு வரச் சொல்லிக் கற்றுக்கொடுத்தேன். சென்னையில் இருந்த என் பழைய பேராசிரியரைப் பார்த்தபோது, அடுத்த வருஷம் நல்ல மாணவன் ஒருவனை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டே வந்தேன். அதை அவனிடம் சொன்னதும், "சரிங்க சார்" என்றான். நான் கேட்டதற்கெல்லாம் அவன் சொன்ன பதில் அதுதான்.

அவன் இரண்டாம் வருஷம் படிக்கும்போது ஒரு நாள் அவனுடைய அப்பா என் அறைக்கு வந்தார். ஆம்பூரில் பெரிய தோல் ஷாப்பு வைத்திருந்தவர், கல்லூரிக் கமிட்டியிலும் இருந்தார். கல்லூரியில் எல்லோரும் அவரைச் சாயபு என்றுதான் சொல்வார்கள். அறையில் இருந்த ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டுவிட்டு நான் நின்றுகொண்டேன். உட்காருங்கள் உட்காருங்கள் என்று என்னைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். சீமைக்குப் போகும் தோல் குறைந்துவிட்டது, மூத்த மகனுக்கு வியாபாரத்தில் புத்தி போகவில்லை, தனக்கோ சர்க்கரை வியாதி என்று வரிசையாகச் சொன்னார். குரலில் அதிகாரம் இல்லை. கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அவன் உங்க பேச்சைத்தான் கேக்கறான். நான் கூப்பிட்டா, பேஜார் பண்றேன்னு நெனைப்பான். படிச்சது போதும், ஷாப்புக்குப் போன்னு நீங்க சொல்லணும். நான் கேட்டேன்னு சொல்ல வாணாம். நீங்களா சொல்ற மாதிரி சொல்லுங்க."

யோசிக்கிறேன் என்றேன். எழுந்தவர் வாசலில் நின்று, என் வேலை விஷயம் ஜூன் மாதக் கமிட்டியில் வருகிறது என்று சொன்னார். பயமுறுத்துவது போலச் சொல்லவில்லை, நல்ல சேதி சொல்வது போலத்தான் சொன்னார். அதனால் எனக்குக் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

அன்றிலிருந்து என் அறையே எனக்குச் சின்னதாகிவிட்டது. சாயங்காலம் அவன் வருவான், ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போடுவான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருப்பேன். படி என்று சொன்னாலும் போ என்று சொன்னாலும் அது அவனுக்காகச் சொல்வதா எனக்காகச் சொல்வதா என்று தெரியவில்லை. பிரின்ஸிபால் ஒரு முறை வராந்தாவில் என்னை நிறுத்தி, சாயபு வந்து போனாராமே என்று மட்டும் கேட்டார். ஆமாம் சார் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போனால், வேலை நிரந்தரமானதும் தங்கை கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று அம்மா பேசிக்கொண்டே சோறு போட்டாள். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன்.

கடைசியில், எது நடந்தாலும் அவனிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ட்யூட்டர் என்று பெயர் வைத்துக்கொண்டு மறைத்துப் பேசுவது என்னால் ஆகாது. ஒரு சாயங்காலம் அவனை ஆற்றுப் பக்கம் அழைத்துப் போனேன். தண்ணீர் இல்லாத ஆற்று மணலில் உட்கார்ந்து, அவன் அப்பா வந்ததையும் கேட்டதையும் சொன்னேன். என் வேலையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

"எனக்குத் தெரியும் சார்" என்றான். "எனக்கும் ஷாப்புக்குப் போறதுதான் இஷ்டம். முதல் வருஷத்துலேர்ந்தே அப்படித்தான். நீங்க இவ்வளவு பாடுபட்டு சொல்லித் தர்றீங்க, உங்க மனசு நோகுமேன்னுதான் சொல்லல."

இத்தனை நாளும் நான்தான் அவனைப் பிடித்து வைத்திருந்தேனா? ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை.

"நீங்க கவலைப்படாதீங்க சார். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது."

அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். உள்ளங்கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டான். எனக்காகச் சொல்கிறாயா, நிஜமாகவே சொல்கிறாயா என்று கேட்டேன். சிரித்தான். "நெஜமாத்தான் சார்" என்றான். மறுபடியும் கேட்டேன், அதே பதில்தான். என் வாயால் போ என்று சொல்லமாட்டேன் என்றேன். சொல்ல வேண்டாம், நீங்கள் சொன்னதாக நானே அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்றான்.

சொல்லியும்விட்டான். அடுத்த வாரம் விடுதியைக் காலி செய்து பெட்டியோடு ஊருக்குப் போய்விட்டான். பரீட்சைக்கு இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. அதைப் பொறுக்க முடியாமல் சனிக்கிழமை ஆம்பூருக்குப் போனேன். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாயபுவிடம் சொல்லிவிடுவது என்றுதான் ரயிலில் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். ஷாப்பு முற்றத்தில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை மலையாகக் கொட்டிக் கிடந்தது. சாயபு எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். டீ வரவழைத்தார். நீங்கள் எங்கள் குடும்பத்துக்குச் செய்ததை மறக்கமாட்டேன் என்றார். அவருக்குப் பின்னால் மகன் நின்றிருந்தான். நான் வாயைத் திறந்ததும் அவன் வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தான்.

சொல்ல வந்ததை என்னால் சொல்ல முடியவில்லை. "பரீட்சை மட்டும் எழுதட்டும் சாயபு. இவ்வளவு தூரம் வந்துட்டு விடக்கூடாது. நாளைக்கே மனசு மாறினாலும் கையில ஒண்ணு இருக்கணும்" என்றேன். அவர் யோசித்தார், மகனைத் திரும்பிப் பார்த்தார், சரி என்றார். ட்யூட்டராக அவனுக்கு நான் செய்தது அவ்வளவுதான்.

எழுதினான். முதல் வகுப்பில் தேறினான். சென்னைக்குப் போகவில்லை. ஜூன் மாதம் என் வேலை நிரந்தரமானது. அந்த உத்தரவு வந்த அன்று, தர்க்கவியல் பாடம் நடத்தும் ஆசிரியர் எல்லோருக்கும் கேட்கும்படி, கமிட்டிக்கு எப்படி உதவுவது என்று கணக்கு வாத்தியாரிடம்தான் கற்க வேண்டும் என்றார். யாரும் அதை மறுக்கவில்லை. நடந்ததைச் சொன்னால் அந்தப் பிள்ளை சொன்ன பொய் அவன் அப்பாவின் காதுக்குப் போகும். சொல்லாவிட்டால் நான் மாணவனை விற்றவன். தங்கைக்கு அந்த ஆவணியில் கல்யாணம் நடந்தது. பந்தலில் நின்று எல்லோரையும் வரவேற்றேன்.

நாலைந்து வருஷம் கழித்து காட்பாடியில் ரயில் ஏறியபோது அதே பெட்டியில் அவன் உட்கார்ந்திருந்தான். உடம்பு பூசியிருந்தது, தாடி வைத்திருந்தான். எழுந்து எனக்கு ஜன்னலோரத்து இடத்தைக் கொடுத்தான். அப்பா காலமாகிவிட்டதைச் சொன்னான். சென்னை மண்டியில் தோல் விலை கம்மியானதையும், யார் யார் ஷாப்பை மூடிவிட்டார்கள் என்பதையும் உற்சாகமாகவே சொல்லிக்கொண்டு வந்தான். நன்றாக இருக்கிறான் என்றுதான் தோன்றியது. அன்று மணலில் கேட்டதையே இன்னொரு முறை கேட்க வேண்டும் என்று குடியாத்தம் ஸ்டேஷன் தாண்டியதிலிருந்து வாய்வரை வந்துகொண்டே இருந்தது. கேட்டிருந்தால் அதே பதிலைச் சொல்லியிருப்பான். அவன் சொன்னது நிஜமாகவே இருக்கலாம்.

ஆம்பூரில் வண்டி நின்றது. "வர்றேன் சார், ஒடம்பைப் பார்த்துக்கோங்க" என்று சொல்லி இறங்கினான். பிளாட்பாரத்தில் அவனுக்காகக் காத்திருந்த குமாஸ்தாவிடம் பேசிக்கொண்டே வேகமாக நடந்து போனான். நான் இறங்க வேண்டிய கல்லூரி ஊர் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.