கப்பலில் குடிக்காத தண்ணீர்

என் கணவருக்கு அந்தமானில், ஹேடோ துறைமுகத்தில் முப்பது வருட வேலை. இதயத்தில் மூன்று அடைப்பு, சென்னைக்குப் போய் பைபாஸ் செய்துகொள்ளுங்கள் என்று அங்கே டாக்டர் சொன்னபோது விமான டிக்கெட் போடலாம் என்றேன். மனிதர் மசியவில்லை. "சாமான் ஏத்தி இறக்கின ஜஹாஜ்லயே மெயின்லேண்ட் போறேன்" என்றார். மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை.

மூன்று நாள் பயணம். கப்பல் ஏறினால் எங்கள் ஆட்கள் வாயைக் கட்டிவிடுவார்கள். வாந்தி வரக்கூடாது, ஆடுகிற தளத்தில் கழிப்பறைக்குத் தள்ளாடிப் போகக்கூடாது. அவர் தண்ணீர் கேட்டபோதெல்லாம் "ரெண்டு மடக்கு போதும்" என்று பாட்டிலை வாங்கி வைத்தவள் நான். மூட்டு வலி என்று முனகியபோது, என் இடுப்பு வலிக்காக அபர்டீன் பஜாரில் வாங்கியிருந்த மாத்திரையைக் காலையும் மாலையும் கொடுத்தவளும் நான்தான். கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

சென்னையில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

"கிரியாட்டினின் ஏறியிருக்கு, கிட்னி அடி வாங்கியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "இப்ப ஆபரேஷன் பண்ணா கிட்னி மொத்தமா நின்னு போகலாம். தண்ணி குடிக்கலையா? வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "நானே வாங்கிப் போட்டேன் மேடம். இவளுக்குத் தெரியாது."

நரம்பில் திரவம் ஏற்றினார்கள், தினமும் ரத்தம் எடுத்தார்கள். கிட்னி தேறுவதற்குள் நெஞ்சு நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்று ஒவ்வொரு நாளும் பயந்து செத்தேன். அழக்கூட அலுப்பாக இருந்தது. ஒரு மத்தியானம், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உன்னையப் போட்டுத் திட்டுவாங்க. நான் படுத்துக் கெடக்கற ஆளு, விட்டுருவாங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எட்டாம் நாள் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் இரண்டு நாள் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து, வெளியே வந்த நர்ஸையெல்லாம் சிறுநீர் சரியாகப் போகிறதா என்று நச்சரித்தேன். கட்டிய மனிதரைப் பற்றி அதைத் தவிர வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் டாக்டரம்மா வந்து, இதயமும் கிட்னியும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். சுவரில் சாய்ந்தேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"ஊருக்குப் போனதும் அவர் மேல ஒரு கண்ணு வச்சுக்குங்கம்மா. யாரையும் கேக்காம மாத்திரை போடுற ஆளு."

"சரி மேடம், பாத்துக்கறேன்" என்றேன்.