ஆற்றோரத் தெருவைக் கட்டியவர்

என் அப்பா ஆம்பூரில் கட்டட மேஸ்திரி. தோல் பதனிடும் ஷாப்புகளின் மதில்கள், தோல் ஊறும் தொட்டிகள், சாயபுமார்களின் மாடி வீடுகள், ஒரு பள்ளிக்கூடம் என்று ஊரில் அவர் கை படாத இடம் குறைவு. எண்பதைத் தாண்டி வாழ்ந்தார். ஆனால் அவரை நினைத்தால் அந்தக் கட்டடங்கள் எதுவும் எனக்கு முதலில் தோன்றுவதில்லை. ஐப்பசி மழையில், சோற்றில் வைத்த கை அப்படியே நிற்க, காதைக் கொடுத்து எதையோ கேட்கும் அவருடைய முகம்தான் வருகிறது. அவர் கேட்டுக்கொண்டிருந்தது பாலாற்றை.

ஆறு அப்போது பெரும்பாலும் வெறும் மணல்தான். அதன் ஓரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த நிலத்தில் தோல் ஷாப்பில் வேலை செய்தவர்கள் ஓலைக் குடிசை போட்டிருந்தார்கள். ஒரு கோடையில் குடிசைகள் தீப்பற்றி எரிந்தன. அதற்குப் பிறகு அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்ததும் கரணையை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். கூலி இல்லாமல், ஆற்றுக் கல்லையும் சேற்றையும் வைத்து, நாட்டு ஓடு வேய்ந்து, ஒவ்வொரு வீடாகக் கட்டிக் கொடுத்தார். கடைசி வீடு எங்களுடையது. “ஊருக்கெல்லாம் கட்டிட்டு நம்ம வூட்டுக்கு ஓடு பத்தல பாருங்க” என்று அம்மா சொல்லிக் காட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே கைச் சேற்றைக் கழுவிவிட்டு எங்களுக்குத் தலை வாரிவிட உட்காருவார். நாங்கள் நாலு பெண்கள். நாலு பேருக்கும் பின்னல் போட்டு முடித்த பிறகுதான் அவருக்குக் காப்பி.

அந்தத் தெருவில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். தூக்கம் வராமல் போனது அவருக்கு மட்டும்தான். வெள்ளம் வந்த வருஷம் நான் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தேன். ஆம்பூரில் பெரிய மழை இல்லை, தூறல்தான். ஆனால் வாணியம்பாடிப் பக்கமிருந்து ஷாப்புகளுக்கு ஆவாரம்பட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர்கள், மேலே மைசூர் சீமையில் மழை கொட்டுகிறது, ஏரிகள் தளும்புகின்றன என்று சொன்னார்கள். அப்பா காலையும் மாலையும் ஆற்றுக்குள் இறங்கி மணலைக் கையால் தோண்டிப் பார்த்தார். திரும்பி வந்து, ஊற்று மேலே ஏறுகிறது என்றார்.

மூன்றாம் நாள் மேட்டிலிருந்த தோல் மண்டியின் சொந்தக்கார சாயபுவிடம் போனார். சாயபு மறுவார்த்தை பேசாமல் சாவியைக் கொடுத்து, தோல் கட்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கச் சொல்லி ஆளும் அனுப்பினார். அப்பா வீடு வீடாகப் போய் எல்லோரையும் கிளம்பச் சொன்னார். சிலர் முணுமுணுத்தார்கள். சிலர் ஆற்றைக் காட்டிச் சிரித்தார்கள். அதில் முழங்கால் தண்ணீர்கூட ஓடவில்லை. ஆனாலும் அவருக்காக மூட்டை கட்டினார்கள்.

கடைசியாகத் தன் தோஸ்து வீட்டுக்குப் போனார். சிறு வயதிலிருந்து கூட வளர்ந்தவர், தோல் ஷாப்பில் பட்டை இடிப்பவர். எங்களுக்கு அடுத்த வீடு. அவர் மனைவிதான் எனக்கு வளைகாப்பில் தலை நிறையப் பூ வைத்துவிட்டவள். அன்று அவளுக்குக் கடுமையான காய்ச்சல்.

“பொண்டாட்டிய கூட்டிக்கினு மேட்டுக்கு வந்துடுடா” என்றார் அப்பா.

“இன்னா மேஸ்திரி, ஏன் இப்படி பேஜார் பண்றே? தூத்தல்ல நனஞ்சா அவளுக்கு ஜுரம் ஜாஸ்தியாய்டும்.”

“எனக்கு மனசு சரியில்ல.”

“நீ கட்டின வூடுடா இது. உன் கை வச்ச கல்லு நகருமா?”

“சேத்துல வச்ச கல்லுடா. தண்ணி ஏறுனா கரைஞ்சிடும். கட்டினவன் நானே சொல்றேன், கேளு.”

வாசலில் நின்று நான் இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. தோஸ்து அவர் தோளில் கை போட்டு, “சரி, விடிஞ்சதும் ஒரு வண்டி பாத்து அவள ஏத்திக்கினு வர்றேன். நீ போ” என்றார்.

சொன்னபடியே விடிந்ததும் மண்டிக்கு வந்தார், வண்டி கேட்க. சாயபுவின் ஆள் மாட்டை அவிழ்த்து நுகத்தில் பூட்டிக்கொண்டிருந்தான். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. கூழாங்கற்களை யாரோ பெரிய முறத்தில் போட்டுப் புடைப்பது போலிருந்தது. மாடு திமிறியது. நாங்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். ஆறு முழுவதும் செம்மண் நிறத்தில் நகர்ந்து வந்தது. அதற்கு முன்னால் மரங்கள் உருண்டு வந்தன. எங்கள் தெரு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் ஓசையே இல்லாமல் குனிந்து உட்கார்ந்தது. வீடுகள் விழவில்லை. கரைந்தன.

தோஸ்து இறங்கி ஓடினார். அப்பா பின்னால் ஓடிப் பாதி வழியில் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “வுடுடா, அவ உள்ள இருக்காடா” என்று அவர் கத்தினார். அப்பாவின் கையைக் கடித்தார். ரத்தம் வழிந்தும் அப்பா பிடியை விடவில்லை. தண்ணீர் இரண்டு பேரின் இடுப்புக்கு ஏறியதும் மேலேயிருந்து ஆட்கள் கயிறு வீசி இழுத்தார்கள்.

அவள் உடல் கிடைக்கவேயில்லை. அந்த மண்டியிலேயே, தோல் கட்டுகளுக்கும் பட்டைக் குவியலுக்கும் நடுவில், மறுநாள் என் மூத்த மகன் பிறந்தான். வெளியே, ஆறு மேலேயிருந்து அடித்து வந்த பிணங்களுக்கு நடுவே ஆட்கள் அவளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பா குழந்தையைப் பார்க்க வந்தார், கையில் கட்டுப் போட்டிருந்தார். குழந்தையைத் தொடவில்லை. “குடிசை எரிஞ்சப்போ நான் கட்டிக் குடுக்காம இருந்தா அவங்க அங்க இருந்திருக்க மாட்டாங்க, பாப்பா” என்றார். நான் அழுதேன்.

சாயபு மேட்டில் கரடான நிலம் கொடுத்தார். அப்பா திரும்பவும் ஞாயிற்றுக்கிழமைகளில் கரணையை எடுத்தார். இந்த முறை கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். தோஸ்து அந்த வேலை நடந்த இடத்துக்கு வரவில்லை. அப்பா எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வார். ஒரு வருஷம் அப்படியே போனது. அடுத்த மழை பிடித்த அன்று எங்கள் வாசலில் வந்து நின்றார். “இன்னா மேஸ்திரி, நம்மூரு ஏரிக்கரைய ஒரு நடை பாத்துட்டு வரலாமா?” என்றார். அப்பா செருப்பைக்கூடப் போடாமல் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு சாகும் வரை அவர்கள் இருவரும்தான் மழைக்காலக் காவல். ஏரிக்கரையில் நண்டு வளை தெரிந்தாலும், அதில் நீர் கசிந்து கரை உடையுமென்று மண் போட்டு அடைப்பார்கள். வாந்திபேதி வந்த வருஷங்களில் கிணறு கிணறாகச் சுண்ணாம்பு கொட்டினார்கள். யாரும் எடுக்க வராத பிணங்களைத் தூக்கினார்கள். வெள்ளம் வந்த அந்தக் காலையைப் பற்றி அவர்கள் பேசி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. தோஸ்து முதலில் போனார். அவர் கல்லறையை அப்பாவே கட்டினார்.

ஊர் பெருத்தது. புதுப் புது ஷாப்புகள் வந்தன. பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்தெல்லாம் பிழைக்க வந்தவர்கள், பழைய ஆற்றோர நிலம் சும்மா கிடப்பதைப் பார்த்து அங்கேயே சுவர் எழுப்பினார்கள். அப்பா தடியூன்றிப் போய்க் கெஞ்சினார். கிழவருக்கு மண்டை குழம்பிவிட்டது என்று அவர்கள் ஒதுங்கிப் போனார்கள். படுத்த படுக்கையான பிறகும் காலையில் என்னைக் கூப்பிட்டு, “அங்க இன்னும் எத்தினி வூடு வந்துச்சு?” என்பார். நான் குறைத்துச் சொல்வேன். நம்பாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு பங்குனி மத்தியானம் எங்கள் நாலு பேர் மடியிலும் மாறி மாறித் தலை வைத்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, அமைதியாகப் போனார். கல்லறைத் தோட்டத்துக்குக் குறுக்கு வழி அந்தப் புதுத் தெரு வழியாகத்தான். பெட்டி முன்னால் போக, நான் பின்னால் நடந்தேன். ஒரு சின்னப் பெண் மிளகாயை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். முன்னே தள்ளிய வயிறு, ஏழெட்டு மாதம் இருக்கும். எழுந்து நின்று, செத்தது யார் என்று கேட்டாள். மேஸ்திரி என்றேன். அவளுக்குத் தெரியவில்லை.

அவள் வீட்டுச் சுவரில் கை வைத்தேன். மண்.

“மழைக் காலத்துல இங்க இருக்காதம்மா. அம்மா வூட்டுக்குப் போய்டு” என்றேன்.

அவள் ஆற்றைத் திரும்பிப் பார்த்தாள். வெறும் மணல், அதில் ஆட்டுத் தோல்கள் காய்ந்துகொண்டிருந்தன.

“இதுல ஏது அக்கா தண்ணி?” என்று சிரித்தாள்.