தொட்டிலில் ஒரு படிகம்

சமுத்திரம் சார் வீட்டுக் கதவைச் சாத்துவதில்லை; இரு கையாலும் தூக்கிப் பிடித்து, சத்தமில்லாமல் நிலையில் பொருத்துகிறார். தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடுகிறார். எல்லாம் உள்ளறையில் இருக்கும் ஒரு கண்ணாடிக் குவளைக்காக. குவளையில் உப்புக் கரைசல். கரைசலுக்குள் நைலான் இழையில் தொங்கும் ஒரு படிகம். லேசாக அதிர்ந்தாலும் அடியில் பொடிப்பொடியாக வேறு படிகங்கள் முளைத்து இதைக் கெடுத்துவிடும்.

அவர் ராஜபாளையத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் விரிவுரையாளர். மதுரையில் பகுதிநேர பிஎச்.டி. சனிக்கிழமைதான் ஆய்வகம் போக முடியும் என்பதால், ஸ்ரீவில்லிபுத்தூர் வாடகை வீட்டிலேயே படிகம் வளர்க்கிறார். தண்ணீர் வருமா, கரண்ட் நிற்குமா என்றெல்லாம் விசாரித்து வீடு பிடித்தவர், அது தேரோடும் வீதி என்பதை மட்டும் யோசிக்கவில்லை. படித்தவர் இல்லையா!

ஏற்கெனவே மூன்று படிகங்கள் பாழ். ஆடி முடிவதற்குள் விரல் நகமளவு தெளிவான ஒன்றை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகாவிட்டால் பிஎச்.டி. பதிவு ரத்தாகிவிடும். ஆறு வருட உழைப்பு அதோடு போச்சு. "உப்பு வளக்கதுக்கு ஒரு படிப்பா?" என்பாள் மனைவி வேலுத்தாய். ஆனாலும் சட்னியைப் பக்கத்து வீட்டு மிக்சியில்தான் அரைத்து வருவாள்.

ஆடிப்பூரத்துக்கு முந்தின நாள், தரை அதிர்ந்தாலும் குவளை அதிராமலிருக்க, மனைவியின் பழைய சேலையை உத்திரத்தில் கட்டி, மூச்சுவிடாமல் குவளையை அதற்குள் வைத்தார். எட்டிப் பார்த்தாள் பக்கத்து வீட்டு அழகுத்தாய். "ஏட்டி, பெறதுக்கு முன்னாடியே தொட்டில் கட்டலாமா? எத்தன மாசம்?" வேலுத்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். சார் தொட்டிலைக் காட்டி முறைத்தார்.

மறுநாள் தேர் வந்தது. வந்து, அவர் வாசலுக்கு நேராக நின்றும்விட்டது. சக்கரத்துக்குத் தடி போட்டு நெம்பும் ஒவ்வொரு முறையும் சுவர் அதிர்ந்தது. தொட்டில் மெல்ல ஆடவும் சாருக்கு உயிரே போய்விட்டது. "நீ பிடிச்சுக்கோ, ஆட விடாத!" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, சட்டையைக் கழற்றி எறிந்து தெருவுக்குப் பாய்ந்தார்.

கோயில் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு வடம் இழுத்ததைக் கண்டு, எஸ்.டி.டி. பூத் காசிராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்புட்டுப் பக்தியவும் மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்காவ, பாத்தியளா!" சாரின் மனசுக்குள் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்தத் தேர் நம் வாசலை விட்டுத் தொலைய வேண்டும்.

ஒருவழியாகத் தேர் நகர்ந்தது. நாலு வீடு தாண்டியதும் சார் பயந்து பயந்து திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் வேலுத்தாய்.

"ஒண்ணும் ஆகலைங்க! அப்படியே இருக்கு!"

இனி அவர் வீட்டுக்குப் போகலாம். போகவில்லை. கலங்கிய கண்ணைப் புறங்கையால் துடைத்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மறுபடியும் வடத்தைப் பிடித்தார்.