அஸீஸா பூனைகளைக் கொண்டுபோன வழி

வாய்க்காலில் மிதந்த சாக்கு அசைந்தபோது, மீன் அகப்பட்டிருக்கிறது என்றுதான் அஸீஸா முதலில் நினைத்தாள். இறங்கிக் கட்டை அவிழ்த்தால் ஐந்து பூனைக்குட்டிகள். மூன்று செத்திருந்தன. மற்ற இரண்டும் அன்று பின்னேரத்துக்குள் அவள் மடியிலேயே செத்துப்போயின.

சுனாமி அடித்த மூன்றாம் வருடம் அது. புருஷனையும் வீட்டையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, சாய்ந்தமருதில் தகரக் கொட்டில்கள் நிறைந்த முகாமில் தையல் மெசினோடு தனியாக இருந்தாள். இடிபாட்டுக்குள்ளிருந்து வந்த ஒரு செம்பூனை அவளோடு ஒட்டிக்கொண்டது. வருடத்துக்கு மூன்று தரம் அது ஈன்றது. குட்டிகளும் வளர்ந்து ஈன்றன. கடுவன் பூனைகள் சண்டை பிடித்துக் காது கிழிந்து, கண்ணில் சீழ் வடிய வந்து நின்றன. முகாம்காரர்கள் சாக்கை எடுத்தார்கள்.

காரைதீவில் மிருக வைத்தியர் தர்சிகா பூனைகளுக்குக் கருத்தடை செய்கிறார் என்று கேள்விப்பட்டதும், செம்பூனையை மீன் கூடையில் வைத்து, வலையால் மூடி பஸ் ஏறினாள். சோதனைச் சாவடியில் கூடையைத் திறக்கச் சொன்ன ஆமிக்காரனின் கையைப் பூனை கீறிவிட்டது.

"எங்க கொண்டு போறது?" என்று உறுமினான்.

"ஒப்பரேசனுக்கு. இதுக்கு இனிப் புள்ள வேணாம்."

அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

"ஈன்று ஈன்று உடம்பு உருகிப்போய்க் கிடக்கு. இனித் தேறிடும் அக்கா," என்றார் தர்சிகா. "கடுவன்களையும் கொண்டு வாங்க. ஊர் சுத்துறதும் கடிபடுறதும் குறையும்." கருத்தடை செய்த பூனை என்ற அடையாளத்துக்குக் காது நுனியைச் சிறிதாக வெட்டி அனுப்பினார்.

அந்தக் காதைப் பார்த்த முகாம் தலைவர் மசூர், தண்ணீர்த் தாங்கியடியில் எல்லோர் முன்னாலும் அவளை மறித்தார்.

"அல்லாஹ் குடுத்த கருவ வெட்டியெறிய நீ ஆரு? பள்ளிவாசலுக்கு எழுதிக் குடுக்கப் போறன்."

அஸீஸா குடத்தை இறக்கி வைத்தாள்.

"எழுதுங்க, மசூர் காக்கா. நானும் வாறன். உசிரோட குட்டிகளச் சாக்குல கட்டிப் போட்டது ஆரெண்டும் அங்கேயே கேப்பம். அது பாவமில்ல, மயக்க ஊசி போட்டுச் செஞ்சதுதான் பாவமெண்டா, அந்தப் பாவம் எனக்கே இரிக்கட்டும்."

மசூர் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் அவள் போகும்போதெல்லாம் "காதுவெட்டி" என்ற கத்தல் பின்னால் வந்தது. ஒரு காலையில் கதவெல்லாம் சாணி அப்பியிருந்தது. கழுவிவிட்டு, அடுத்த பூனையைக் கூடையில் வைத்தாள். ஏழு மாதத்தில் ஒன்பது பூனைகள். குட்டி போடாது என்று தெரிந்ததும் அயல் கொட்டில்காரர்களே நான்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்த வருடம் புது வீட்டுக்கு மிச்ச ஐந்தோடும் குடிபோனாள். அங்கே ஒரு நாள் மசூரின் மனைவி உம்மு வந்தாள். கையிலிருந்த துவாய்த் துண்டுக்குள் ஏதோ நெளிந்தது.

"ராத்தா, அவருக்குத் தெரியாம இதக் கொண்டுபோய்ச் செஞ்சி தருவீங்களா?"

"மாட்டன். நீயே தூக்கிட்டு வா. ஆளில்லாத ஒழுங்கையால இல்ல, கடைத்தெருவால போவம்."

உம்மு வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு துவாயை விலக்கினாள். பூனை தலையை வெளியே நீட்டியது.

கடைத்தெருவில் ஒரு கடை வாசலில் மசூர் உட்கார்ந்திருந்தார். இரண்டு பெண்களும் அவர் முன்னாலேயே நடந்து போனார்கள்.