எங்க ஃபோல்டர், எங்க இஷ்டம்

போன வாரம் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனேன். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். கதவைத் திறந்ததும் ஏ.சி. குளிரோடு ஈர சாக்ஸ் வாடை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ இளமை திரும்பிவிட்டது. என்ன செய்வது, சிலருக்கு மல்லிகை, எனக்கு சாக்ஸ்.

கம்ப்யூட்டர் லேப் என்றாலே அன்று அந்த வாடைதான். ஆம்பூரிலிருந்து வந்து இந்த ஊர்க் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். லேபில் இருந்தவை கிழட்டு மெஷின்கள். யாருக்கும் சொந்தமில்லை, காலையில் ஒரு வகுப்பு, மதியம் வேறொன்று. ஆனால் சர்வரில் ஆளுக்கொரு ஃபோல்டர் உண்டு. எங்கே உட்கார்ந்தாலும் அவரவர் ஃபோல்டர் திறக்கும்.

புரோகிராம் எழுதவென்று துறைத்தலைவர் பெரிய மென்பொருள் ஒன்றைப் போட்டுவைத்திருந்தார். ஏதோ கம்பெனியில் பார்த்துவிட்டு வந்த ஆசை. எங்கள் மெஷின்களில் திரையில் வட்டம் சுற்றிச் சுற்றி அது திறப்பதற்குள் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். வீட்டில் லேப்டாப் உள்ளவர்களுக்குக் கவலையில்லை. ஸ்ரீராம்புரத்து மலர்விழிக்கு லேபை விட்டால் வேறு கதியில்லை.

"மேம், வட்டம் சுத்தறதப் பாக்கறதுக்கா நான் காலேஜ் வரேன்?" என்றாள் ஒருநாள். அழவில்லை, கோபமாகத்தான் கேட்டாள். அந்தக் கோபம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அன்றே புரோகிராம் எழுத ஒரு சின்ன எடிட்டரை எல்லா மெஷினிலும் போட்டேன். பொத்தான் கிடையாது, மெனு கிடையாது, மவுசுக்கு வேலையே இல்லை. வெறும் கறுப்புத் திரை. ஆனால் தட்டினால் திறக்கும். "ஐயோ மேம், இத விட்டு வெளிய எப்படி வர்றது?" என்று முதல் வாரம் ஒரே ரகளை. கத்தி முடித்த பிறகு வேகமாக எழுதத் தொடங்கினார்கள்.

துறைத்தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம்; கோபம் வந்தால் கன்னடம் எட்டிப்பார்க்கும்.

"நோடிம்மா, பாருங்க, கம்பெனிக்காரங்க வந்து பாத்தா சிரிப்பாங்க. எடுத்துடுங்க."

"சிரிக்கட்டும் சார். பசங்க எழுதறாங்க."

"நீங்க டெம்பரரி. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கு சார். நான் எடுக்க மாட்டேன்."

வெளியே வந்த பிறகுதான் கையில் எத்தனை மாத வாடகை இருக்கிறது என்று எண்ணிப்பார்த்தேன். என் வீரத்துக்கும் பயத்துக்கும் எப்போதும் அப்படியொரு இடைவெளி.

அந்த வாரமே அவர் ஆள் வைத்து எடிட்டரை நீக்கிவிட்டார். மறுநாள் லேபுக்குள் போனால் எல்லாத் திரையும் கறுப்பு. கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தேன். எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள்! எடுக்கப்போகிறார்கள் என்ற பேச்சு காதில் விழுந்ததுமே மலர்விழி எடிட்டரைத் தன் ஃபோல்டருக்குள் நகலெடுத்து, வகுப்பில் எல்லாரையும் அவரவர் ஃபோல்டரில் அப்படியே செய்யவைத்திருந்தாள்.

"நீங்க ஒண்ணும் பண்ணல மேம். எங்க ஃபோல்டர், எங்க இஷ்டம்."

துறைத்தலைவர் வாசலில் நின்று எட்டிப்பார்த்தார். மாணவர் ஃபோல்டர்களை மொத்தமாக அழித்தால் அவர்கள் எழுதியதும் சேர்ந்து போகும் என்று திரும்பிவிட்டார். மலர்விழி அந்தத் தடவை லேப் தேர்வை எல்லாருக்கும் முன்னால் முடித்து எழுந்தாள். எனக்கு மட்டும் வேலை நீட்டிப்பு வரவில்லை. போகட்டும். இன்று கேட்டாலும் எடுக்க மாட்டேன்.

அந்த லேப் இப்போது இல்லை. ஆளுக்கொரு லேப்டாப், எழுதும்போதே தவறைச் சுட்டும் மென்பொருள். நல்லதுதான், எந்தப் பிள்ளையும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். பக்கத்து நாற்காலியிலிருந்து தலையை நீட்டி, "ஏய், செமிகோலன் விட்டுட்டடி" என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். அப்புறம், எல்லாருக்கும் சேர்ந்து கோபம் வருவதற்கு ஓர் அறை இல்லை.